உள்காது அறுவை சிகிச்சை: "வெற்றி" என்றால் எதில் வெற்றி?

தலைசுற்றலுக்காக உள்காதில் அறுவை சிகிச்சை செய்யலாம் என்று ஸ்பெஷலிஸ்ட் சொல்லும்போது, கூடவே ஒரு விழுக்காடும் வரும்: எண்பது, தொண்ணூறு, தொண்ணூற்றைந்து. அந்த எண் பெரும்பாலும் ஒன்றைத்தான் சொல்கிறது, சுற்றல் தாக்குதல் நின்றதா இல்லையா என்று. காது கேட்குமா, நடை நிதானப்படுமா, காதுக்குள் கேட்கும் இரைச்சல் அடங்குமா என்பதெல்லாம் தனித்தனிக் கணக்கு. சுற்றல் அடியோடு நின்று, அந்தக் காது முழுச் செவிடாகி, இரைச்சல் பழையபடியே இருக்கும் ஒருவரும் மருத்துவ ஏட்டில் வெற்றிதான். அது அவருக்கும் வெற்றியா என்பது, கத்தி வைப்பதற்கு முன் அவர் என்ன கேட்டார், என்ன தெரிந்துகொண்டார் என்பதைப் பொறுத்தது.

ஆகவே நான்கு கணக்கையும் ஆரம்பத்திலிருந்தே பிரித்து வையுங்கள்: சுற்றல், கேட்கும் திறன், நடை, இரைச்சல். கோலாலம்பூரிலோ பினாங்கிலோ இந்தப் பாதையில் புதிதாகக் கால் வைப்பவர்களுக்காக எழுதுவது இது.

முதல் படி: நோய் எது என்பது உறுதியாகட்டும்

அறுவை சிகிச்சை பலன் தராமல் போவதற்கு முதன்மையான காரணங்களில் ஒன்று, நோயே வேறாக இருப்பது. கட்டிலில் புரண்டாலோ அண்ணாந்து அலமாரியைப் பார்த்தாலோ ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் சுற்றல் வந்தால், அது பெரும்பாலும் உள்காதில் சுண்ணாம்புத் துகள் இடம் மாறியதால் வருவது. அதற்குக் கத்தி தேவையே இல்லை. தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பிப் படுக்க வைக்கும் எப்ளி முறையில் பெரும்பாலானோருக்குச் சில நிமிடங்களிலேயே சரியாகிவிடும். சுற்றலுடன் தலைவலி, வெளிச்சம் தாங்காமை, குடும்பத்தில் ஒற்றைத் தலைவலி என்று சேர்ந்து வந்தால் அது மைக்ரேன் வகைச் சுற்றலாக இருக்கலாம். அதற்கு உள்காதை அறுத்தால் காது போகும், சுற்றல் போகாது.

சுற்றலும் காது மந்தமும் இரைச்சலும் சேர்ந்து தாக்கும் உள்காது நோய் மெனியர். அதை உறுதி செய்ய, சமநிலைக் கோளாறு ஆய்வாளர்களின் பன்னாட்டு அமைப்பான பாரானி சங்கம் 2015-இல் வகுத்த அளவுகோல் இன்றும் பயன்படுகிறது: 20 நிமிடம் முதல் 12 மணி நேரம் வரை நீடிக்கும் சுற்றல் குறைந்தது இரண்டு முறை வந்திருக்க வேண்டும், தாழ்ந்த, நடுத்தர ஒலிகளில் கேட்கும் திறன் குறைந்திருப்பது கேட்கும் சோதனையில் பதிவாகியிருக்க வேண்டும், அதே காதில் இரைச்சலோ அடைப்போ கேட்கும் திறனோ ஏறி இறங்க வேண்டும். இதில் கேட்கும் சோதனைதான் பலருக்குத் தவறிப் போகிறது. தாக்குதல் முடிந்து மூன்று வாரம் கழித்துச் சோதித்தால் காது தெளிந்து, கோடு நேராக வந்துவிடும். காது அடைத்திருக்கும் நாளிலேயே சோதனை செய்ய வழி உண்டா என்று ஆடியோலஜிஸ்டிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

தன் குரலே காதுக்குள் முழங்குகிறது, கண்ணைச் சுழற்றினால் அந்தச் சத்தம்கூடக் கேட்கிறது, பெரிய சத்தம் கேட்டால் தலை சுற்றுகிறது என்றால் அது வேறு நோய்: உள்காதின் மேல் அரைவட்டக் குழாயை மூடியிருக்கும் எலும்பில் ஓட்டை. 1998-இல்தான் இது முதன்முதலாக விவரிக்கப்பட்டது. மெல்லிய துண்டுகளாக எடுக்கும் சி.டி. படத்தில் தெரியும். ஆனால் படத்தில் ஓட்டை தெரிந்தால் மட்டும் போதாது, அறிகுறிகளும் ஒத்துவர வேண்டும்.

ஒரு பக்கக் காது மட்டும் மெல்ல மந்தமானால், மருந்து செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ. கட்டாயம் வேண்டும். கேட்கும் நரம்போடு ஒட்டி வளரும் புற்று அல்லாத கட்டி, வெஸ்டிபுலார் ஷ்வனோமா, அதில் தெரிந்துவிடும்.

டாக்டரிடம் "பெனிங்" (மலாயில் தலைசுற்றல்) என்று மட்டும் சொல்லிவிட்டு உட்காராதீர்கள். என்ன நடந்தது என்று சொல்லுங்கள்: அறை சுழன்றதா, கண் இருட்டியதா, கால் தள்ளாடியதா, எத்தனை நிமிடம் நீடித்தது, அப்போது எந்தக் காது அடைத்தது. முடிந்தால் தாக்குதல் நேரத்தில் வீட்டில் யாராவது உங்கள் கண்களைக் கைப்பேசியில் அருகிலிருந்து வீடியோ எடுக்கட்டும். கண் எந்தப் பக்கம் துள்ளுகிறது என்பது டாக்டருக்குப் பல கேள்விகளுக்கு விடை.

இரண்டாம் படி: சிகிச்சைக்கு முன்பே நான்கு எண்கள்

இதைச் செய்யாமல் அறுவை சிகிச்சைக்குப் போனால், பிறகு பலன் கிடைத்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. உங்களாலும் முடியாது, நல்ல நாளில் நன்றாக இருப்பதாகவும் கெட்ட நாளில் எல்லாம் வீணாகிவிட்டதாகவும் தோன்றும்.

சுற்றலுக்கு ஒரு நாட்குறிப்பு. தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், வாந்தி உண்டா, எந்தக் காது. 20 நிமிடத்துக்குக் குறைந்தவற்றைத் தனியாகக் குறியுங்கள், அவை கணக்கில் சேராது. ஆறு மாதக் குறிப்பு இருந்தால் அமெரிக்கக் காது மூக்குத் தொண்டை மருத்துவக் கழகத்தின் 1995 முறையில் பலனைக் கணக்கிடலாம். சிகிச்சைக்குப் பின் 18 முதல் 24 மாதம் வரையிலான ஆறு மாதத்தில் வந்த தாக்குதல்களை, சிகிச்சைக்கு முந்தைய ஆறு மாதத்தில் வந்தவற்றால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். முன்பு 24, பின்பு 3 என்றால் 12.5 வரும். சுழியம் என்றால் முதல் வகுப்பு, 1 முதல் 40 வரை இரண்டாம் வகுப்பு, 41 முதல் 80 வரை மூன்றாம் வகுப்பு. 80-க்கு மேல் போனால் பலன் இல்லை என்று பொருள். 120-ஐத் தாண்டினால் முன்பைவிட மோசம். "தொண்ணூறு விழுக்காடு" என்று சொல்லப்படும்போது அது முதல் வகுப்பை மட்டும் குறிக்கிறதா, முதலிரண்டையும் சேர்த்தா என்று கேளுங்கள். இரண்டுக்கும் இடைவெளி சிறியதல்ல.

கேட்கும் திறனுக்கு, சோதனைத் தாளில் 500, 1000, 2000, 3000 ஹெர்ட்ஸ் ஆகிய நான்கு இடங்களின் டெசிபலைக் கூட்டி நான்கால் வகுங்கள். 40, 45, 50, 55 என்றால் 47.5. பிறகு இது 10 டெசிபலோ அதற்கு மேலோ மாறினால்தான் உண்மையான மாற்றம். அதற்குக் கீழே உள்ளது சோதனைக்குச் சோதனை வரும் சாதாரண வேறுபாடு.

அதே தாளில் சொற்களைப் புரிந்துகொள்ளும் விழுக்காடும் இருக்கும். இங்கே நம் மக்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. அந்தச் சோதனைச் சொற்கள் பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். தமிழ் மட்டுமே நன்கு தெரிந்த ஒரு பாட்டிக்கு 40 விழுக்காடு வந்தால், அதில் எவ்வளவு காதின் குறை, எவ்வளவு மொழி தெரியாத குறை என்று பிரிக்க முடியாது. எந்த மொழியில் சோதித்தார்கள் என்று தாளிலேயே எழுதச் சொல்லுங்கள். சிகிச்சைக்குப் பிறகும் அதே மொழிப் பட்டியலில் சோதித்தால்தான் ஒப்பிட முடியும்.

நடைக்கு, தலைசுற்றலால் வரும் இடர்ப்பாட்டை அளக்கும் 25 கேள்விப் படிவம் ஒன்று உண்டு. "ஆம்" என்றால் 4, "சில நேரம்" என்றால் 2, "இல்லை" என்றால் 0, மொத்தம் 100. பிறகு 18 புள்ளியாவது இறங்கினால்தான் பலன் என்று கொள்வார்கள். இரைச்சலுக்குத் தினமும் பூச்சியத்திலிருந்து பத்து வரை ஒரு மதிப்பெண் போதும்.

மூன்றாம் படி: எது எதைக் கொடுக்கும், எதை எடுத்துக்கொள்ளும்

கத்திக்கு முன் சில படிகள் உண்டு. சோடியத்தை நாளுக்கு 1,500 முதல் 2,000 மில்லிகிராமுக்குள் வைப்பது அதில் முதலாவது. ஒரு தேக்கரண்டி உப்பில் மட்டும் ஏறத்தாழ 2,300 மில்லிகிராம் இருக்கிறது. கிச்சாப், பெலாச்சான், கருவாடு, ஊறுகாய், அப்பளம், லக்சாவில் ஊற்றும் இறால் விழுது எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். ஒரு பாக்கெட் உடனடி மீயின் தூளிலேயே பாதி நாள் அளவு போய்விடும். உப்பைக் குறைப்பதற்கான ஆய்வு ஆதாரம் வலுவானதல்ல, ஆனாலும் இரத்த அழுத்தம் உள்ளவருக்கு எப்படியும் நல்லதுதான். பீட்டாஹிஸ்டின் மாத்திரை இங்கே பரவலாக எழுதிக் கொடுக்கப்படுகிறது. 2016-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில், வெற்று மாத்திரைக்கும் அதற்கும் தாக்குதல் எண்ணிக்கையில் வேறுபாடு தெரியவில்லை. அந்த மாத்திரை பலன் தரவில்லை என்பதாலேயே நேராக அறுவை சிகிச்சைக்குத் தாவ வேண்டாம்; நடுவில் ஊசிகள் இருக்கின்றன.

செவிப்பறை வழியாகச் செலுத்தும் ஸ்டெராய்டு ஊசி, கேட்கும் திறனுக்குப் பெரிய ஆபத்து இல்லாதது. மீண்டும் மீண்டும் போட வேண்டியிருக்கலாம். ஜென்டாமைசின் ஊசி வேறு வகை: சமநிலை உணரும் செல்களையே அது அழிக்கிறது. அரை மில்லி அளவுதான் உள்ளே போகும். அரைமணி நேரம் ஊசி போட்ட காது மேலே இருக்கும்படி படுத்து, பேசாமல், விழுங்காமல் இருக்கச் சொல்வார்கள். விழுங்கினால் மருந்து தொண்டைக்கு வடிந்துவிடும். தள்ளாட்டம் உடனே வராது, சில நாள் கழித்துத் தொடங்கி ஓரிரு வாரம் நீடிக்கும். ஊசி போட்ட மறுநாள் நன்றாக இருக்கிறதே என்று மோட்டார் சைக்கிளில் ஏறுவது பெரிய தவறு. சுற்றல் 80 முதல் 90 விழுக்காட்டினருக்குக் கட்டுப்படும். கேட்கும் திறன் குறையும் ஆபத்து உண்டு. ஒரு ஊசி போட்டுப் பார்த்து, தேவையானால் மட்டும் அடுத்தது என்ற முறையில் அந்த ஆபத்து குறைகிறது. 2016-இல் லண்டனில் நடந்த ஒப்பீட்டில் ஸ்டெராய்டும் ஜென்டாமைசினும் தாக்குதலைக் குறைப்பதில் ஏறத்தாழ சமமாகவே வந்தன. கேட்கும் திறன் இன்னும் நன்றாக உள்ளவர்கள் முதலில் ஸ்டெராய்டைக் கேட்டுப் பார்ப்பதே சரி என்பது எங்கள் கருத்து.

உள்காது நீர்ப்பையைத் திறந்துவிடும் அறுவை, காதை அழிக்காத வகை. சுற்றல் குறைவது 70 முதல் 80 விழுக்காடு என்று பல மருத்துவக் குழுக்கள் எழுதியிருக்கின்றன. ஆனால் 1981-இல் டென்மார்க்கில் 30 பேரைப் பிரித்து, பாதிப் பேருக்கு நீர்ப்பையைத் தொடாமல் காதுக்குப் பின் எலும்பை மட்டும் குடைந்து மூடினார்கள். இரு தரப்பினரும் நன்றாகத் தேறினார்கள். அந்தக் கணக்கைப் பின்னர் வேறு சிலர் மறுத்தார்கள். சர்ச்சை இன்னும் தீரவில்லை. ஆபத்து குறைவு, ஆதாரமும் குறைவு என்று தெரிந்துகொண்டு ஒப்புக்கொள்ளலாம்.

லேபிரிந்தெக்டமி என்பது சமநிலை உறுப்பை முழுதாக எடுத்துவிடுவது. 95 விழுக்காட்டுக்கு மேல் சுற்றல் நிற்கும். அந்தக் காதில் மிச்சமிருக்கும் கேட்கும் திறன் அத்தனையும் போகும். ஏற்கெனவே அந்தக் காதால் பேச்சு புரியாதவருக்கு மட்டுமே இது பொருத்தம். உறுப்பையே எடுத்தால் சுற்றல் எப்படி நிற்கும் என்று பலர் கேட்கிறார்கள். ஏறி இறங்கும் தவறான செய்திக்கு மூளையால் பழக முடியாது. செய்தியே வராத நிலைக்குப் பழக முடியும். அந்தப் பழக்கத்துக்கு வாரங்கள் ஆகும். அதை மூளை செய்கிறது, டாக்டர் செய்வதில்லை.

சமநிலை நரம்பை மட்டும் துண்டிப்பது, கேட்கும் திறன் நன்றாக உள்ளவருக்கு. 90 விழுக்காட்டுக்கு மேல் சுற்றல் கட்டுப்படும். ஆனால் மண்டையோட்டைத் திறக்க வேண்டும். மூளைநீர்க் கசிவு, தலைவலி, முகநரம்பு பாதிப்பு என்ற ஆபத்துகள் கூடுகின்றன. இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: நரம்பைத் துண்டித்தாலும் மெனியர் நோய் காதுக்குள் தொடர்ந்துகொண்டேதான் இருக்கும், கேட்கும் திறன் ஆண்டுபோக்கில் குறையலாம். அது அறுவையின் தோல்வி அல்ல.

மேல் குழாய் ஓட்டையை அடைக்கும் அறுவையில் குரல் முழக்கம் பெரும்பாலானோருக்குக் குறைகிறது; உயர்ந்த ஒலிகளில் சிறிது இழப்பு வரலாம். ஷ்வனோமா கட்டி சிறிதாக இருந்தால் ஆறு மாதத்தில் ஒன்று, பிறகு ஆண்டுக்கொன்று என எம்.ஆர்.ஐ. எடுத்துக் கவனித்து வருவதும் முறையான சிகிச்சைதான். கதிர்வீச்சு கட்டியை எடுப்பதில்லை. 90 விழுக்காட்டுக்கு மேல் வளர்ச்சியை நிறுத்துகிறது. அறுவையில் உள்காது வழியாகப் போனால் கேட்கும் திறன் முழுதும் போகும். கட்டி பெரிதாக ஆக, முகநரம்பைக் காப்பது கடினமாகும்.

இந்தச் சிகிச்சைகளின் பலன் கணக்கில் இரைச்சலுக்கு எங்கும் எண் வரவில்லை. காரணம், எந்த அறுவையும் இரைச்சலை நிறுத்தும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. இரைச்சலுக்காக மட்டும் அறுவை செய்துகொள்ளாதீர்கள்.

அடுத்த காதையும் மறக்கக் கூடாது. மெனியர் சிலருக்கு ஆண்டுகள் கழித்து மறுகாதுக்கும் வருகிறது. இரு காதுகளின் சமநிலையும் போனால் நடக்கும்போது பார்க்கும் காட்சியே குலுங்கும். சாலைப் பலகையைப் படிக்க நிற்க வேண்டியிருக்கும். ஆகவே அழிக்கும் வகைச் சிகிச்சைக்கு முன் மறுகாதின் கேட்கும் சோதனையும் சமநிலைச் சோதனையும் செய்தார்களா என்று நேரடியாகக் கேளுங்கள்.

நான்காம் படி: இங்கே எங்கே போவது, எப்படிப் போவது

அரசாங்க வழியில் போகிறவர் அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் தொடங்க வேண்டும். குடிமக்களுக்கு 1 ரிங்கிட். அங்கே சூராட் ருஜுக்கான் என்ற பரிந்துரைக் கடிதம் வாங்கி, மருத்துவமனையின் ஓ.ஆர்.எல். (காது மூக்குத் தொண்டை) கிளினிக்கில் தேதி பெறலாம். அங்கே ஸ்பெஷலிஸ்ட் கட்டணம் 5 ரிங்கிட். கோலாலம்பூரில் ஹோஸ்பிட்டல் கோலாலம்பூர் அரசாங்க மருத்துவமனை. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையும் செராசில் உள்ள துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனையும் பல்கலைக்கழகங்களுடையவை, கட்டணம் வேறு. பினாங்கில் ஜாலான் ரெசிடென்சியில் உள்ள பினாங்கு மருத்துவமனை. மண்டையோட்டைத் திறக்கும் அறுவைகள் எல்லா இடத்திலும் செய்யப்படுவதில்லை, பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்கு அனுப்பப்படலாம்.

அப்படி வந்தால், திரும்பும் வழியை முதலிலேயே திட்டமிடுங்கள். மண்டையோட்டைத் திறந்த பிறகு உள்ளே சிறிது காற்று தங்கியிருக்கும், விமானம் ஏறினால் அது விரியும். டாக்டர் அனுமதி தரும்வரை விமானம் வேண்டாம். கே.எல். சென்ட்ரலிலிருந்து பட்டர்வொர்த்துக்கு இ.டி.எஸ். ரயில் நல்ல வழி. காரில் நெடுஞ்சாலை வளைவுகளை விட அது எளிது.

சமநிலைச் சோதனை நாளில் நீங்களே வண்டி ஓட்டிப் போகாதீர்கள். 30 பாகை, 44 பாகைச் சூட்டில் நீரைக் காதில் விட்டுச் செய்யும் சோதனை, வேண்டுமென்றே சுற்றலை உண்டாக்கும். ஸ்டெமெட்டில், சின்னரிசின் போன்ற சுற்றல் மாத்திரைகளை வழக்கமாக இரண்டு நாளுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தாமல் போனால் சோதனை தவறான விடை தரும். இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை நீங்களாக நிறுத்தக் கூடாது. ஹோஸ்பிட்டல் கோலாலம்பூருக்கு எம்.ஆர்.டி. புத்ராஜெயா பாதையில் நிலையம் உண்டு, ஆனாலும் சோதனை முடிந்து திரும்பும்போது துணைக்கு ஒருவர் வேண்டும்.

ஐந்தாம் படி: முதல் வாரம்

லேபிரிந்தெக்டமி, நரம்புத் துண்டிப்பு, ஷ்வனோமா அறுவை ஆகியவற்றுக்குப் பின் முதல் இரண்டு மூன்று நாள் கடுமையாகச் சுற்றும், வாந்தி வரும். இது எதிர்பார்த்ததுதான். குடும்பத்தாருக்கு இதை முன்பே சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் "சுற்றலுக்கு ஆபரேஷன் செய்து சுற்றல் கூடிவிட்டது" என்று வார்டிலேயே கலங்கிப் போவார்கள். கண்ணை நல்ல காதின் பக்கம் திருப்பி, அசையாத ஒரு பொருளைப் பார்த்தால் துள்ளல் கூடும். மறுபக்கம் பார்த்தால் அடங்கும். முதல் நாள் அந்தப் பக்கம் பார்த்துப் படுத்துக்கொள்ளலாம்.

மறுநாளே எழுந்து உட்கார வேண்டும். இரண்டாம், மூன்றாம் நாள் கைத்தாங்கலாக நடக்க வேண்டும். வாந்தி நிறுத்தும் மருந்தை மூன்று நாளுக்கு மேல் நீட்டக் கூடாது. அந்த மருந்துகள் மூளையைத் தூங்க வைக்கின்றன, தூங்கும் மூளை பழகாது. "பாவம், படுத்திருக்கட்டும்" என்று அன்போடு கட்டிலில் வைத்துச் சோறு ஊட்டும் வீட்டில்தான் தள்ளாட்டம் மாதக்கணக்கில் நீடிக்கிறது. அன்பு வேண்டும், கையைப் பிடித்துக் கூடத்தைச் சுற்றி நடத்திச் செல்லும் அன்பு.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை: மூக்கிலோ காயத்திலோ தண்ணீர் போலத் தெளிந்த நீர் வடிவது, குறிப்பாகக் குனிந்தால் சொட்டுவது, தொண்டையில் உப்புக் கரிப்பது, காய்ச்சலுடன் கழுத்து விறைப்பும் கடுந்தலைவலியும், முகத்தின் ஒரு பக்கம் தொங்குவது. முகம் சில நாள் கழித்தும் தொங்கலாம், ஆகவே வீட்டுக்கு வந்த பிறகும் தினமும் கண்ணாடியில் சிரித்துப் பாருங்கள். கண் மூடவில்லை என்றால் பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, இரவில் களிம்பு போட்டு இமையை டேப்பால் ஒட்ட வேண்டும். விழி காய்ந்தால் பார்வைக்கே கேடு. ஆம்புலன்சுக்கு 999.

மூக்கை வேகமாகச் சிந்துவது, முக்கி மலம் கழிப்பது, வாயை மூடித் தும்முவது, பாரம் தூக்குவது எல்லாம் டாக்டர் சொல்லும் நாள் வரை வேண்டாம். அரிசி மூட்டை, எரிவாயுத் தோம்பு இரண்டும் பாரம்தான்.

ஆறாம் படி: பயிற்சி

பலனில் பாதி இங்கேதான் இருக்கிறது, ஆனால் பெரும்பாலானோர் விட்டுவிடுவதும் இதைத்தான். ஃபிசியோதெரபிஸ்ட் பார்த்துத் தொடங்கிக் கொடுப்பது நல்லது. அடிப்படைப் பயிற்சி இது: ஓர் எழுத்தை எழுதிய அட்டையைக் கண் மட்டத்தில், கை நீளத் தொலைவில் சுவரில் ஒட்டுங்கள். எழுத்தை விட்டுக் கண் நகராமல் தலையை மட்டும் இடமும் வலமுமாகச் சிறிது திருப்புங்கள். எழுத்து மங்கத் தொடங்கும் வேகத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். ஒரு நிமிடம் செய்து ஓய்வு. பிறகு மேலும் கீழுமாக ஒரு நிமிடம். இதை நாளில் பல முறையாகப் பிரித்து, தொடக்கத்தில் மொத்தம் 12 நிமிடமாவது செய்ய வேண்டும். பழைய தள்ளாட்டம் என்றால் 20 நிமிடம், நான்கு முதல் ஆறு வாரம்.

செய்யும்போது சிறிது சுற்ற வேண்டும். சுற்றவே இல்லை என்றால் மிக மெதுவாகச் செய்கிறீர்கள். பயிற்சி முடிந்து அரைமணி நேரம் கழித்தும் சுற்றல் அடங்கவில்லை என்றால் அதிகம், அடுத்த முறை குறையுங்கள். முதலில் உட்கார்ந்து, பிறகு நின்று, பிறகு ஒரு கால் முன் ஒரு கால் வைத்து நின்று, கடைசியாக நடந்துகொண்டே. அட்டைக்குப் பின்னால் வெள்ளைச் சுவர் எளிது. கட்டம் போட்ட திரைச்சீலை கடினம். அந்த வரிசையில் ஏறுங்கள்.

நடையை நிஜ இடத்தில் சோதியுங்கள். பாசார் மாலாம் கூட்டம், பேரங்காடி மின்படி, மங்கிய வெளிச்சத்தில் படி இறங்குவது. பத்துமலையின் 272 படிகளில் ஏறுவது பலருக்கு முடியும். இறங்குவதுதான் தள்ளாட வைக்கும், அதுவும் கூட்டத்தில் கைப்பிடி கிடைக்காவிட்டால். தைப்பூசத்துக்கு முன் ஒரு சாதாரண நாள் காலையில் போய்ப் பாருங்கள். பினாங்குத் தண்ணீர்மலையின் 513 படிகளுக்கும் அதே விதி. காவடி எடுக்கும் நேர்த்தி இருந்தால் அந்த ஆண்டு பால்குடமாக மாற்றிக்கொள்வது பற்றி வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

மோட்டார் சைக்கிள் எல்லாவற்றுக்கும் கடைசி. பின்னால் வரும் வண்டியைப் பார்க்கத் தலையைச் சட்டென்று திருப்பினால் பார்வை நிலைக்கிறதா என்பது முதலில் உறுதியாக வேண்டும். ஒரு காது கேட்காதவருக்கு வண்டி எந்தப் பக்கம் வருகிறது என்றும் தெரியாது. கடலில் தலை மூழ்க நீந்துவது, சமநிலை ஒரு பக்கம் போனவருக்கு ஆபத்து. தண்ணீருக்குள் கண் தெரியாதபோது மேல் எது கீழ் எது என்று தெரியாமல் போகும். பத்து பெரிங்கியில் இடுப்பளவு நீர் போதும்.

ஏழாம் படி: பலனைப் படிப்பது

மூன்று மாதத்தில் நடையைப் பாருங்கள், ஆறு மாதத்தில் கேட்கும் சோதனையை. சுற்றல் கணக்கை 18 மாதத்துக்கு முன் முடிக்க வேண்டாம். மெனியர் நோய் தானாகவே சில மாதம் அடங்கிக் கிடக்கும் நோய். ஆறு மாதம் சுற்றல் இல்லை என்பது அறுவையின் பலனாகவும் இருக்கலாம், நோயின் இடைவேளையாகவும் இருக்கலாம்.

பலன் வரவில்லை என்றால் எது வரவில்லை என்று பிரியுங்கள். பழையபடி மணிக்கணக்கில் அறை சுழல்கிறது என்றால், நரம்பின் இழையோ உறுப்பின் திசுவோ மிச்சம் இருக்கலாம், அல்லது மறுகாது தொடங்கியிருக்கலாம், அல்லது முதலிலிருந்தே மைக்ரேனாக இருந்திருக்கலாம். சமநிலைச் சோதனையை இரு காதிலும் மீண்டும் செய்யச் சொல்லுங்கள். கட்டிலில் புரளும்போது மட்டும் சில வினாடி சுற்றினால் துகள் நகர்ந்திருக்கலாம். எப்ளி முறையில் தீரும்.

சுற்றல் இல்லை, ஆனால் எப்போதும் தள்ளாட்டம் என்றால் மூளை பழகி முடிக்கவில்லை. வயது, கண்பார்வை, பயிற்சியின்மை எல்லாம் காரணம். நம் மக்களிடையே தனியாகக் கவனிக்க வேண்டியது நீரிழிவு. சர்க்கரை நோயால் பாதத்தின் உணர்வு மரத்தவர், உள்காதின் குறையைக் கால் உணர்வால் ஈடுகட்ட முடியாது. அறுவைக்கு முன்பே பாதத்தைச் சோதித்து, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தால் நடை தேறுவது எளிதாகும். சோதனைகள் எல்லாம் நன்றாக வந்தும், நிற்கும்போதும் கூட்டத்திலும் மூன்று மாதத்துக்கு மேல் தினமும் மிதப்பது போல் இருந்தால், அதற்கென்று ஒரு நோய்ப் பெயரும் சிகிச்சையும் உண்டு. 2017-இல் பாரானி சங்கம் வரையறுத்தது. பயிற்சியும் மனநல ஆலோசனையும் சில மருந்துகளும் உதவுகின்றன. மறு அறுவை உதவாது.

கேட்கும் திறன் போன பிறகு

ஒரு காது போனவருக்கு, செவிட்டுக் காதின் பக்க ஒலியை நல்ல காதுக்கு அனுப்பும் கருவியும், எலும்பு வழிக் கருவியும் உண்டு. கேட்கும் நரம்பு கெடாமல் இருந்தால், லேபிரிந்தெக்டமி செய்த காதிலும் காக்ளியர் இம்ப்ளாண்ட் பொருத்தலாம்: உள்காதுக்குள் ஒரு கம்பியைச் செலுத்தி, ஒலியை மின்துடிப்பாக நரம்புக்கு அனுப்பும் கருவி அது. ஆகவே லேபிரிந்தெக்டமிக்கு முன்பே அதைப் பற்றிக் கேட்டு வைப்பது நல்லது. ஆண்டுகள் போகப் போக, உள்காதின் கேட்கும் பகுதியான சுருள் குழாய்க்குள் எலும்பு வளர்ந்து, கம்பி நுழைய இடமில்லாமல் போகலாம்.

இம்ப்ளாண்டுக்கு முன் நிமோகாக்கல் தடுப்பூசி போட வேண்டும், மூளைக்காய்ச்சலைத் தடுக்க. அறுவை முடிந்த அன்று எதுவும் கேட்காது. இரண்டு முதல் நான்கு வாரம் கழித்துத்தான் கருவியை இயக்குவார்கள். முதல் ஒலிகள் இயந்திரக் குரல்போல் இருக்கும். அடுத்த மூன்று முதல் ஆறு மாதத்தில்தான் பெரிய முன்னேற்றம், அதற்குள் பல முறை ஆடியோலஜிஸ்டிடம் போய் அளவைத் திருத்த வேண்டும். செவிடாகி எத்தனை ஆண்டு ஆயிற்று என்பது பலனைத் தீர்மானிக்கும் பெரிய காரணங்களில் ஒன்று, ஆகவே தள்ளிப் போடாதீர்கள். பேச்சுப் பயிற்சி மலாயில் நடந்தாலும், வீட்டில் தினமும் அரைமணி நேரம் தமிழில் பயிற்சி கொடுங்கள்: வாயை மறைத்துக்கொண்டு ஒருவர் படிக்க, மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும். முதலில் எண்கள், பிறகு வீட்டார் பெயர்கள், பிறகு செய்தித்தாளின் ஒரு பத்தி. வீட்டில் பேசும் மொழி எதுவோ அந்த மொழியில்தான் காது தேற வேண்டும்.

நம் ஊர் ஈரக்காற்று, இம்ப்ளாண்டின் காதுக்கு வெளியே அணியும் கருவிக்குப் பகை. இரவில் தவறாமல் உலர்த்தும் பெட்டியில் வையுங்கள். வியர்வை இறங்கிய கருவி "திடீரென்று மந்தமாகிவிட்டது" என்று திரும்பி வருவது வழக்கம். ஹெல்மெட் அணியும்போது, காந்தத்தால் தலையில் ஒட்டியிருக்கும் சுருள் நழுவி விழும், கழற்றிப் பையில் வைத்த பிறகு அணியுங்கள். பேட்டரி, கம்பி, சுருள் மூன்றும் மாற்ற மாற்றச் செலவு வைக்கும். இம்ப்ளாண்டின் விலையோடு இவற்றின் ஆண்டுச் செலவையும் எழுத்தில் வாங்குங்கள்.

கருவியின் மாதிரி எண் உள்ள அட்டையை மைகார்டோடு சேர்த்தே வைத்திருங்கள். உள்ளே காந்தம் இருக்கிறது. நாளை வேறு எதற்காவது எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், எத்தனை டெஸ்லா வரை எடுக்கலாம், தலையைக் கட்ட வேண்டுமா, காந்தத்தைக் கழற்ற வேண்டுமா என்பதை அந்த எண்ணை வைத்துத்தான் சொல்ல முடியும்.